உப்புக் கடற்கரையும் உலோக உணர்கருவியும்

1715 ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 24 ஆம் நாள், கியூபாவின் ஹவானாத் துறைமுகத்தினின்றும் பதினொரு ஸ்பானியக் கப்பல்களும் அவற்றுடன் சேர்ந்துகொண்ட பிரெஞ்சுக் கப்பல் ஒன்றும் ஐரோப்பாவை நோக்கிப் பாய் விரித்தன. அமெரிக்கக் குடியேற்றங்களின் நாணயசாலைகளில் அடிக்கப்பட்ட பொன்னும் வெள்ளியும் அவற்றில் நிறைந்திருந்தன. ஒரு கிழமை கழியுமுன்னரே, அம்மாதம் 30 ஆம் நாள் இரவிலும் மறுநாள் விடியற்காலையிலும் வீசிய பெருஞ்சூறாவளி அவற்றைப் புளோரிடாக் கரையில் மோதி உடைத்தது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்றே தப்பியது. ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் மாண்டன.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், அக்கரையிலுள்ள செபஸ்தியன் என்னும் ஊரின் அயலில் வாழ்ந்த கிப் வாக்னர் என்பார், புயலுக்குப்பின் மணலிற் கருமை படிந்த வெள்ளித் துண்டுகள் கிடப்பதைக் கண்டார். கிடைத்த நாணயங்களுள் எதுவும் 1715 க்குப் பிற்பட்டதன்று என்பது அவர் கருத்தைக் கவர்ந்தது. படையினர் வேண்டாவெனக் கழித்து விற்ற கண்ணிவெடி உணர்கருவி ஒன்றை வாங்கிக் கரையோர மேட்டிலே தேடினார். கப்பலுடைந்து கரைசேர்ந்தோர் தங்கிய பாசறையின் இடம் வெளிப்பட்டது. அவரும் நண்பர்களும் பின்னர்க் கடலடியினின்றும் பெற்ற செல்வம் 1965 ஆம் ஆண்டளவில் உலகறிந்த செய்தியாயிற்று. அன்றுதொட்டு அக்கரை புதையல் தேடுவோரின் பயிற்சிக்களமாகவே விளங்கி வருகின்றது.

வாக்னர் பாசறையைக் கண்ட இடம் அலை எட்டாத மேட்டுநிலமாகும். அத்தகைய உலர்ந்த நிலத்தில் அமைதியாகத் தொழிற்படும் கருவியை எடுத்துக்கொண்டு அலை நனைத்த மணலுக்கு இறங்குவோர் ஒரு புதுமையைக் காண்பர். மணலில் உலோகம் ஒரு சிறிதும் இல்லாவிடத்தும் கருவி ஓயாது ஒலிக்கும். இதற்குக் காரணம் யாது? அதனைச் சீர்செய்வது எங்ஙனம்? சீர்செய்யுங்கால் இழக்கப்படுவது யாது? இம்மூன்று வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மூன்றாம் வினாவே மூன்றினுள்ளும் முதன்மையானது.

கருவியின் வரலாறு

மாறுகின்ற காந்தமண்டலம் அயலிலுள்ள கடத்தியில் மின்னைத் தூண்டும் என்பதை மைக்கேல் பரடே 1831 இல் நிறுவினார். அவ்வுண்மையைக் கொண்டு டேவிட் கியூஸ் என்பார் 1879 இல் தூண்டற் சமன்கருவி ஒன்றை அமைத்தார். இரு சுருட்டொகுதிகளை ஒன்றையொன்று சமன்செய்யுமாறு வைத்தால், அயலில் உலோகம் வந்தபோது மாத்திரம் அச்சமன் குலைந்து ஒலி எழும் என்பதே அதன் தத்துவம்.

இக்கருவி மனிதவுயிரைக் காக்கும் பணியிற் புகுந்தது 1881 இலாகும். அவ்வாண்டு யூலை 2 இல் அமெரிக்கச் சனாதிபதி காவீல்ட் சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டைக் கண்டறியத் தொலைபேசியை ஆக்கிய கிரகாம் பெல் தூண்டற் சமன்கருவியைக் கொண்டுவந்தார். முயற்சி பயன்தரவில்லை. சனாதிபதி கிடந்த மெத்தையின் கீழே உருக்குக் கம்பிகள் இருந்தமை பின்னர்த் தெரியவந்தது. அன்றியும், குண்டு வலப்பக்கத்தில் உளதென்று கருதிய வைத்தியர் அப்பக்கத்தையே தேடச் செய்தார். குண்டோ இடப்பக்கத்தில் இருந்தது. செத்தெம்பர் 19 இல் காவீல்ட் உயிர் துறந்தார். தேடும் பொருளின் குரலைச் சூழலின் குரல் மறைத்துவிடும் என்னும் பாடம் இக்கருவியின் முதல் வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

போலந்துப் படை அதிகாரியான யோசெப் கொசாக்கி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஸ்கொத்லாந்தில் இருந்தபோது, ஒருவர் கையிற் கொண்டு செல்லத்தக்க கண்ணிவெடி உணர்கருவியை ஆக்கினார். 1942 ஒற்றோபரில் எகிப்தின் எல் அலமேன் போர்க்களத்தில் வெடிகள் புதைந்த மணலிடையே வழி திறக்க அது பயன்பட்டது. அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. போர் முடிந்தபின் அவ்வினக் கருவிகள் கழிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன.

கருவி தொழிற்படுமாறு

இக்காலக் கருவியின் தட்டிலே சாதாரணமாக இரு கம்பிச்சுருள்கள் உள. செலுத்துசுருளில் ஆடலோட்டம் பாய்கின்றது. செக்கனில் அது எத்தனை முறை மாறுகின்றதென்பதே மீடிறன் எனப்படும். சில ஆயிரம் முதல் பல பதினாயிரம் வரையுள்ள மீடிறன்கள் வழங்குகின்றன. இவ்வோட்டம் எழுப்பும் காந்தமண்டலம் மணலுட் சென்று அங்குள்ள உலோகத்தில் சுழிப்போட்டங்களைத் தூண்டுகின்றது. அச்சுழிப்போட்டங்கள் தமக்குரிய சிறு காந்தமண்டலத்தை எழுப்ப, வாங்குசுருள் அதனை உணர்கின்றது.

வாங்குசுருள் பெறும் குறிக்கு இரு பண்புகள் உள. ஒன்று அதன் வலிமை; மற்றையது செலுத்திய அலைக்கு அது எவ்வளவு பிந்தி வருகின்றது என்பது. இப்பிந்துகையை அவத்தை வேறுபாடு என்பர். தடித்த வெள்ளி நாணயத்தில் எழுந்த சுழிப்போட்டம் எளிதில் தணியாது. ஆகவே அதன் குறி மிகப் பிந்தும். மெல்லிய தகட்டிலும் தடை மிக்க உலோகத்திலும் அவ்வோட்டம் விரைவில் தணிதலால் குறி குறைவாகவே பிந்தும். அறிவுள்ள கருவி எனப் புகழப்படுவது இப்பிந்துகையை அளந்து பொருளின் இனத்தை உய்த்துணரும் கருவியேயாம்.

உப்பும் கருமணலும்

கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. உப்புக் கரையும்போது மின்னேற்றமுள்ள அயன்களாகப் பிரிதலால் கடல்நீர் மின்னைக் கடத்துகின்றது. செம்போடு ஒப்பிடின் அதன் கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கேயாகும். இத்துணைச் சிறிய கடத்துதிறன் கருவியைக் குழப்புவது எங்ஙனம் என்று வினவலாம். நாணயம் தட்டின் கீழே ஒரு புள்ளியில் இருக்கின்றது. உப்புநீரோ தட்டின் கீழும் அயலிலும் எங்கும் பரந்திருக்கின்றது. சிறிய கடத்தலும் பெரிய பரப்பிற் சேரும்போது பெருங்குறியாகின்றது. மீடிறன் உயர உயர இக்குறி விரைந்து வளரும்.

நீரில் முழுதும் மூழ்கிய தட்டு ஓரளவு மாறாத சூழலில் இருக்கின்றது. அலை வந்து மீளும் ஈரமணலிலோ ஒவ்வோர் அடிக்கும் ஈரம் வேறு, உப்பு வேறு. ஆகையாற்றான் தேடுவோர்க்கு மிக்க தொல்லை தருவது ஈரமணற் பட்டையாகின்றது.

மற்றோர் இடையூறு கருமணல். காந்தக்கல் எனப்படும் இரும்பொட்சைட்டின் மணிகளைச் சில கரைகளில் அலை ஒதுக்கிச் சேர்க்கின்றது. ஈழத்தின் கீழ்க்கரையிற் புல்மோட்டையில் உள்ள இல்மனைற்று மணலும் இங்ஙனம் அலை ஒதுக்கிய கனமணலே. ஆயின் உப்புக்கும் காந்தக்கல்லுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. காந்தக்கல் மின்னைச் சுழலவிடாது காந்தமண்டலத்தை மாத்திரம் செறிவாக்கும். உப்புநீர் காந்தமண்டலத்தைச் செறிவாக்காது மின்னை மாத்திரம் சுழலவிடும். அவற்றின் குறிகள் அவத்தையில் ஏறத்தாழச் செங்கோணத்தில் நிற்கின்றன. ஒரே மீடிறனில் தொழிற்படும் கருவி அவத்தைச் சமனால் இவ்விரண்டினுள் ஒன்றையே நீக்கவல்லது. கருமணலை அடக்கின் உப்பு ஒலிக்கும். உப்பை அடக்கின் கருமணல் ஒலிக்கும்.

பொன்னும் உப்பும்

உப்பின் குறி அவத்தை வரிசையில் தாழ்ந்த முனையிலே, ஈயத்தாள் எனப்படும் மெல்லிய அலுமினியத் தாளுக்கு அண்மையில், அமைகின்றது. அதே இடத்தில்தான் மெல்லிய பொற்சங்கிலி, காதணி, சிறு மோதிரம் என்பனவும் அமைகின்றன. தூய பொன் சிறந்த கடத்தியாயினும் அணிகலனிற் செம்பு, வெள்ளி முதலியன கலத்தலால் தடை மிகுகின்றது. அணிகலன் மெல்லிதாதலால் சுழிப்போட்டம் ஓடுதற்கு இடமும் குறைகின்றது. சங்கிலியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அதன் கண்ணிகள் ஒன்றையொன்று செவ்வையாகத் தொடாமையால், நிறை மிக்க சங்கிலியும் தனியொரு கண்ணியளவான குறியையே எழுப்பும்.

உப்பின் ஓசையை முற்றாக நீக்கும் எந்தச் சீராக்கமும் உப்பைப்போல ஒலிக்கும் பொன்னையும் ஒருங்கே நீக்கிவிடும். கருவியைச் சீர்செய்தல் என்பது இழப்பின்றி அமைதியைப் பெறுதலன்று. எதனை இழக்கலாம், எதனை இழத்தலாகாது எனத் தீர்மானித்தலே அதன் பொருளாகும்.

சீர்செய்யும் முறை

முதலாவதாகக் கருவியின் உணர்திறனைக் குறைத்தல் வேண்டும். புதியோர் பலர் உணர்திறனை உச்சத்தில் வைத்தாற்றான் ஆழத்திற் காணலாம் என்று கருதுவர். இக்கருத்துப் பிழையென்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். சுருளின் ஆரையைவிடப் பன்மடங்கு தூரத்திலுள்ள சிறுபொருளின் குறி தூரத்தின் ஆறாம் வலுவுக்கு நேர்மாறாகக் குறைகின்றது. தூரம் இரட்டித்தால் குறி 64 இல் ஒரு பங்காகும். இதனை மறுபுறமாக நோக்கின், உணர்திறனைப் பாதியாகக் குறைப்பினும் காணும் ஆழம் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே குறையும். பொருள் சுருளுக்கு அண்மையில் இருப்பின் இவ்விழப்புச் சற்று மிகும். உப்பின் ஓசையோ பாதியாகிவிடும். ஓயாது ஒலிக்கும் கருவி ஒரு சாண் ஆழத்து நாணயத்தைக் கூறினும் கேட்போர்க்கு அது விளங்காது. அமைதியான கருவி சிறிது குறைந்த ஆழத்தில் உரைப்பதே பயனுடையது.

இரண்டாவதாகத் தரைச்சமன் செய்தல் வேண்டும். தேடப்போகும் ஈரமணலிலேயே இதனைச் செய்க. உலர்ந்த மணலிற் செய்த சமன் ஈரமணலுக்கு உதவாது. முதலில் உலோகம் இல்லாத ஓரிடத்தைத் தெரிந்து, தட்டை ஒரு சாண் உயரத்தினின்றும் மணலுக்கு ஓரங்குலம் வரை இறக்கி ஏற்றுதல் வேண்டும். இறக்குந்தோறும் ஒலி மிகுமாயின் சமன்குமிழை ஒருபுறமும், குறையுமாயின் மறுபுறமும் சிறிதுசிறிதாகத் திருப்பி, ஒலி மாறாது நிற்கும் இடத்தைக் காண்க. ஈரப்பட்டையை விட்டு மேலேறினாலோ கீழிறங்கினாலோ இதனை மீளச் செய்தல் வேண்டும்.

மூன்றாவது மீடிறனைத் தெரிதல். மீடிறனை மாற்றத்தக்க கருவியாயின் ஈரமணலிற் குறைந்ததைக் கொள்க. உப்பின் ஓசை தணியும், மெல்லிய பொன்னின் குறியும் தணியும். உலர்ந்த மணலில் உயர்ந்த மீடிறன் பொருந்தும்.

நான்காவது தட்டின் அளவு. பெரிய தட்டு ஆழமாக நோக்குமெனினும் அதன் பார்வைக்குள் மிகுந்த உப்புநீரும் அடங்குகின்றது. ஓசை அடங்காவிடின் சிறிய தட்டை மாற்றுதல் நன்று. தட்டின் உறையுள் நீரும் மணலும் தங்கின் அவையும் பொய்க்குறி தருமாதலால் அடிக்கடி கழற்றிக் கழுவுதல் வேண்டும்.

ஐந்தாவது கையின் பழக்கம். தட்டின் உயரம் மாறின் உப்பின் குறியும் மாறும். ஆகவே வீச்சின் இரு முனைகளிலும் தட்டை உயர்த்தாது, ஒரே மட்டத்தில் மெல்ல வீசுதல் வேண்டும். நடையும் நீர்க்கரைக்கு இணையாக அமைதல் வேண்டும். அங்ஙனம் நடப்பின் ஈரம் அடிக்கடி மாறாது. ஓசை மிக்க இடத்தில் தட்டை ஓரிரு அங்குலம் உயர்த்துவதும் ஓர் உபாயமே. அதற்கு விலையாக ஆழம் குறையும்.

ஆறாவது நீக்கற் குமிழைப் பற்றியது. பொருள்களின் இனம் பிரித்து வேண்டாதவற்றை ஊமையாக்கும் அமைப்பு இது. ஈயத்தாளின் தொல்லைக்கு அஞ்சி இதனை உயர்த்துவோர் பொன்னையும் ஊமையாக்குவர். அமெரிக்காவின் ஐந்து சத நிக்கல் நாணயமும், பானத் தகரங்களின் இழுப்பு வளையமும், பல பொன்மோதிரங்களும் ஏறத்தாழ ஒரே வரிசையிற் குறி தருகின்றன. ஆதலின் பழகியோர் கடற்கரையில் இதனை மிகத் தாழ்த்தி வைத்துக் குப்பையையும் பொறுமையோடு தோண்டி எடுப்பர்.

இறுதியாக, ஒவ்வொரு சீராக்கத்தின் பின்னும் சோதனை வேண்டும். நூலிற் கட்டிய மோதிரம் ஒன்றை ஈரமணலில் அறிந்த ஆழத்திற் புதைத்து, கருவி அதனை உரைக்கின்றதா என நோக்குக. உரைக்காவிடின் அமைதி கிடைத்ததன்றிக் கருவி கிடைக்கவில்லை என்பதே முடிவாகும்.

பன்மீடிறனும் துடிப்பும்

பொறியியலார் இச்சிக்கலை இரு வழிகளில் அணுகியுள்ளனர். ஒன்று, ஒரே வேளையில் இரண்டு அல்லது பல மீடிறன்களைச் செலுத்துதல். செக்கனுக்கு 5,000, 15,000 என இரு மீடிறன்களைக் கொண்டு தொழிற்படும் கருவிகள் இதற்கு எடுத்துக்காட்டாம். மீடிறன் உயர்ந்தால் உப்பின் குறி விரைந்து வளரும். காந்தக்கல்லின் குறியும் தடித்த உலோகத்தின் குறியும் அங்ஙனம் வளரா. இவ்வேறுபாட்டைக் கணித்து இரு குறிகளையும் தக்க விகிதத்தில் ஒன்றினின்றும் ஒன்றைக் கழிப்பின் உப்பும் கருமணலும் ஒருங்கே நீங்கும்.

மற்றையது துடிப்புமுறை. இம்முறையிற் செலுத்துசுருளுக்குக் குறுகிய மின்துடிப்புக்கள் ஊட்டப்பட்டுத் திடீரென நிறுத்தப்படுகின்றன. நின்ற பின்னர்ச் சிறிது பொறுத்து, மணலில் எஞ்சியுள்ள சுழிப்போட்டம் எத்துணை என்று கருவி செவிகொடுக்கின்றது. செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்குரோசெக்கன் எனப்படும். உப்புநீரின் சுழிப்போட்டம் சில மைக்குரோசெக்கனில் மடிந்துவிடும். தடித்த வெள்ளி நாணயத்தில் அது நூறு மைக்குரோசெக்கனுக்கு மேலும் நீடிக்கும். ஆகவே பத்து அல்லது பதினைந்து மைக்குரோசெக்கன் பொறுத்துக் கேட்கும் கருவிக்கு உப்பு ஊமையாகின்றது. கருமணலும் பெரும்பாலும் அதனைத் தொல்லைப்படுத்தாது. ஆயினும் இக்கருவி இரும்பையும் பொன்னையும் எளிதிற் பிரித்தறியாது. துருவேறிய ஆணிக்கும் தலையூசிக்கும் தோண்டித் தோண்டிக் கை சலிக்கும்.

மெல்லிய சங்கிலியின் சுழிப்போட்டமும் சில மைக்குரோசெக்கனில் மடிவதே. பொறுக்கும் காலத்தை நீட்டின் சங்கிலி போகும். குறைப்பின் உப்பு வரும். பன்மீடிறன் முறையிலும் உப்போடொத்த பொன் உப்போடு சேர்ந்தே கழிகின்றது. கருவி புதிதாயினும் சிக்கல் பழையதே. இழப்பின் எல்லை சுருங்கியுள்ளது, இழப்பு ஒழியவில்லை.

கரையை அறிதல்

செம்மையாகச் சீர்செய்த கருவியும் பொருளில்லா இடத்திற் பொருளைக் காட்டாது. மணலின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, ஈயம் 11.3, தூய பொன் 19.3. அலை கலக்கும் மணலில் பாரமான பொருள் படிப்படியாகக் கீழிறங்கி இறுகிய களியிலோ சிப்பிப் படையிலோ தங்கும். சூறாவளியின் பின் மேல்மணல் அரிக்கப்படும்போது அப்படை கருவிக்கு எட்டும் ஆழத்தில் வருகின்றது. மீன்பிடியில் தொலைந்த ஈயக்குண்டுகள் திரளாகக் கிடைக்கும் இடத்தில் மோதிரமும் கிடைத்தல் கூடும். பாரத்தின் அளவால் அலை பொருள்களை வகுத்து வைக்கின்றது. வெள்ளி கடலிற் கிடந்து கறுத்துக் கல்லோடு கல்லாகத் திரள்கின்றது. பொன்னோ அடிக்கப்பட்ட நாள்போலவே வெளிவருகின்றது.

பழம்பொருளைத் தேடுவோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். புளோரிடா மாகாணத்துக்குரிய கடற்படுகையிலுள்ள பழங்கலங்களை அரசின் அனுமதியின்றி அகழ்தல் ஆகாது. இலங்கையிலும் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உரிமமின்றித் தொல்பொருள் தேடி அகழ்வதைத் தடைசெய்கின்றது. இடத்தினின்றும் பெயர்த்த நாணயம் விலை பெறலாம். அஃது எவ்விடத்தில், எதனோடு, எவ்வாழத்திற் கிடந்தது என்னும் வரலாறு பெயர்த்த கணமே அழிகின்றது. வாக்னர் தாம் கண்ட நாணயங்களின் ஆண்டுகளை நோக்கியமையாலன்றோ கப்பலின் கதையை அறிந்தார்.

இழக்கலாகாதது

இக்கருவி போர்க்களத்தினின்றும் கடற்கரைக்கு வந்தது. ஈழத்தின் வடபகுதியில் அது மீண்டும் தன் பழைய பணியையே செய்யவேண்டியதாயிற்று. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் புதைக்கப்பட்ட மிதிவெடிகளை அகற்றும் பணி, போர் முடிந்து பல்லாண்டு கழிந்த பின்னரும் தொடர்ந்தது. போரிற் குடும்பத்தின் உழைப்பாளியை இழந்த பெண்கள் பலர் அப்பணியில் ஈடுபட்டனர். கரையோரமும் உவர்நிலமும் உப்பளமும் நிறைந்த அப்பகுதியில் மண்ணின் குரலும் வெடியின் குரலும் கலந்து வருதல் இயல்பே. மிதிவெடிகள் சிலவற்றில் உள்ள உலோகமோ ஒரு சிறு ஊசியளவே.

புதையல் தேடுவோன் உப்பை அடக்குகையில் ஒரு சங்கிலியை இழக்கின்றான். மறுநாள் வேறொன்று கிடைக்கும். வெடியகற்றும் பெண் அங்ஙனம் எதனையும் இழத்தல் ஆகாது. அவள் இனம் பிரித்து ஊமையாக்குவதில்லை. ஒலித்தது ஆணியாயினும் தகரமாயினும் வெடியெனவே கொண்டு அகழ்கின்றாள். பணி தொடங்குமுன் அறிந்த சோதனைத் துண்டொன்றைக் கொண்டு கருவியைச் சோதிக்கின்றாள். கருவியை நம்பவியலாத நிலத்தில் அதனை ஒதுக்கிவிட்டு, விறாண்டியால் மண்ணைச் சிறிதுசிறிதாக வாரி நீக்கும் முறையும் வடபகுதியிற் கையாளப்பட்டது. மணிக்கணக்கில் ஓரிரு முழ நிலமே அங்ஙனம் தூய்மையாகும். கருவி அடைய முடியாத உறுதியை மனிதக் கை பொறுமையால் அடைகின்றது.

இருவர் கையிலும் உள்ளது பரடேயின் தத்துவமே. இருவர் காலின் கீழும் உள்ளது உப்புண்ட மண்ணே. கருவி எதனைக் கேளாது விடலாம் என்னும் வினாவுக்கு விடை மாத்திரம் வேறுபடுகின்றது. அவ்விடையைக் கருவி தருவதில்லை. எதனைத் தேடுகின்றோம், தவறவிடின் விளைவு யாது என்பவற்றை அறிந்து குமிழைத் திருப்புவோரே அதனைத் தருதல் வேண்டும்.